துன் டாக்டர் லிம் சோங் யூ: பினாங்கிற்கு வேலை தேடித் தந்த மருத்துவர்

மின்னியல், கணினிப் பொறியியல் பயிலும் நம் மாணவர்களுக்குத் தொழில்துறைப் பயிற்சி என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ். இன்டெல், பிராட்காம், கீசைட் என்று விண்ணப்பக் கடிதங்களில் நாம் எழுதும் முகவரிகள் பல அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஆனால், அந்த நிறுவனங்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டால் நம்மில் பலரிடம் விடை இருப்பதில்லை. கோலாலம்பூர் இருக்க, சிங்கப்பூர் இருக்க, நெல் விளைந்துகொண்டிருந்த ஒரு தீவின் தென்கிழக்கு மூலைக்கு இன்டெல் நிறுவனம் தனது முதல் வெளிநாட்டு ஆலையைக் கொண்டு வந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் முதன்மையானவர் 1969 முதல் 1990 வரை பினாங்கின் முதலமைச்சராக இருந்த லிம் சோங் யூ. அவர் தொழிலதிபரோ பொருளியல் அறிஞரோ அல்லர், மருத்துவம் படித்தவர். அதிலும், பினாங்கின் பொறுப்பை ஏற்பதற்கு முன்பு அரசியலில் ஒருமுறை பெருந்தோல்வி கண்டு ஒதுங்கியவர்.

லிம் சோங் யூ 1919ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் மருத்துவரே. பினாங்கு ஃபிரி ஸ்கூலில் படித்து, 1937இல் குயின்ஸ் உபகாரச் சம்பளத்தை வென்று, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு மருத்துவம் பயிலச் சென்றார். அங்கிருந்தபோதே உலகப் போர் மூண்டது. மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. 1944இல் பட்டம் பெற்றவர் உடனே ஊர் திரும்ப வழியில்லை. சீனாவுக்குச் சென்று அங்கே இராணுவ மருத்துவராகப் பணியாற்றிவிட்டு 1947இல்தான் பினாங்கு வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நாடு அவசரகாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மருத்துவமனையோடு நின்றுவிட அவருக்கு மனம் இல்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக்கழகத்திற்கு நடந்த தேர்தலே மலாயாவில் மக்கள் வாக்களித்த முதல் தேர்தல். அதில் அவரது ரேடிக்கல் கட்சி மொத்தமிருந்த 9 இடங்களில் 6 இடங்களை வென்றது. பின்னர் அவர் மலாயச் சீனர் சங்கமாகிய மசீசவில் இணைந்தார். 1958இல், கட்சியை நிறுவிய மூத்த தலைவர் டான் செங் லோக்கை எதிர்த்து நின்று தேசியத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 38.

அந்தப் பதவி ஓராண்டுக்குச் சற்று மேலாகத்தான் நிலைத்தது. 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு முன்பு, நாடாளுமன்றத்தின் 104 தொகுதிகளில் தம் கட்சிக்கு 40 வேண்டும் என்று அவர் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பத்திரிகைகளுக்கும் எட்டிவிட்டது. துங்கு அசைந்து கொடுக்கவில்லை. லிம் பின்வாங்க வேண்டியதாயிற்று; கட்சிக்கு 31 இடங்களே கிடைத்தன. தலைவர் பதவியை அவர் துறந்தார். அடுத்த ஆண்டு கட்சியையும் விட்டு வெளியேறினார். துங்குவும் அதே பினாங்கு ஃபிரி ஸ்கூலில் படித்தவர்தாம் என்பதை இங்கே ஓரமாகச் சொல்லி வைக்கலாம். கோலாலம்பூரோடு மோதினால் என்ன ஆகும் என்பதை லிம் தம் நாற்பதாவது வயதில் தெரிந்துகொண்டார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள 1959ஐ மறக்காமல் இருப்பது அவசியம்.

1962இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்றத் தொகுதி அவருடையது. 1968 மார்ச்சில் கெராக்கான் கட்சி பிறந்தபோது அதன் நிறுவனர் வரிசையில் பேராசிரியர் சையிட் உசேன் அலாத்தாஸ், டாக்டர் டான் சீ கூன், வரலாற்றறிஞர் வாங் கங்வூ ஆகியோரோடு நம்மவரான தொழிற்சங்கத் தலைவர் வீ. டேவிட்டும் இருந்தார். 1969 மே 10ஆம் நாள் தேர்தலில் பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16 இடங்களை வென்று கெராக்கான் ஆட்சியைப் பிடித்தது. மூன்றாம் நாள் தலைநகரில் கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்க்கட்சி முதலமைச்சர் ஒருவர் பதவியேற்பதற்கு அதைவிட மோசமான வாரம் இந்நாட்டு வரலாற்றில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அவர் கைக்கு வந்த பினாங்கு எப்படி இருந்தது? 1786 முதல் பினாங்கை வாழ வைத்தது தீர்வையற்ற துறைமுகம். சுமத்ராவின் ரப்பரும் வாசனைப் பொருள்களும் கப்பலில் வந்து, தரம் பிரிக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, மீண்டும் கப்பலேறிப் போகும். அந்தப் போக்குவரத்தில்தான் கிடங்குகளும் வங்கிகளும் தொங்காங் படகுகளும் ஓடின. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் தமிழர்கள் கணிசமானோர். 1963இல் இந்தோனேசியா மலேசியாவுக்கு எதிராகக் கொன்ஃபுரோந்தாசியைத் தொடங்கியதும் சுமத்ரா வணிகம் அறுந்தது. சிலாங்கூரின் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வேறு வளர்ந்துகொண்டிருந்தது. எஞ்சியிருந்த தீர்வையற்ற தகுதியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1969இல் பறிபோனது. வேலையில்லாதோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டபோது நடந்த ஹர்த்தால் வன்முறையாக மாறி உயிர்கள் பலியாகியிருந்தன. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருந்த இளைஞர்களின் கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது.

செபராங் பிறையின் தோட்டங்களில் இருந்த நம் மக்களுக்கோ இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. 1968ஆம் ஆண்டின் வேலை கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1969இல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் நாடெங்கும் வேலை இழந்தனர். பல குடும்பங்கள் தமிழகத்திற்குக் கப்பலேறின. நீல அட்டை கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்கு வெளியே வேலை என்று ஒன்று தேவைப்பட்டது. ஆகவே, வேலைவாய்ப்பு என்பது அப்போதைய பினாங்கில் புள்ளிவிவர நூல்களில் மட்டும் இருந்த விஷயமன்று.

லிம் எடுத்துக்கொண்ட வழி அவராகக் கண்டுபிடித்ததன்று. அவருக்கு முந்திய முதலமைச்சர் வோங் பவ் நீயின் காலத்திலேயே மாக் மண்டின், பிறை ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் தோன்றிவிட்டன. பிறையில் மலாயாவாத்தா உருக்காலை 1967 முதல் இயங்கியது. ஆனால், அவை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தையை நம்பிய தொழில்கள். ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாட்டில் அந்தச் சந்தை எவ்வளவுதான் வாங்கும்? அமெரிக்காவின் இராபர்ட் நாதன் ஆலோசனை நிறுவனம் தயாரித்த பெருந்திட்ட அறிக்கை 1970இல் வந்தது. இறக்குமதிக்கு மாற்றுத் தேடுவதை விட்டு ஏற்றுமதிக்கான உற்பத்தியிலும் சுற்றுலாவிலும் இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது வழக்கம். லிம் இதைத் தூங்க விடவில்லை.

1969 நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற செட் சிங், அடுத்த இருபது ஆண்டுகள் லிம்மின் வலக்கரமாக விளங்கினார். நிலம் வாங்குவது, மேடாக்குவது, சாலை போடுவது, கட்டடம் எழுப்புவது, முதலீட்டாளர்களின் காகித வேலைகளை முடித்துக் கொடுப்பது என எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் வந்தன. இந்நாட்டு அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். முதலமைச்சரின் கையில் உண்மையாக இருந்த ஒரே பெரிய கருவியும் அதுதான். அதை அவர் முழுதாகப் பயன்படுத்தினார். கழகம் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, பினாங்கு எலெக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு சிறு மின்னியல் ஆலையைத் தொடங்கியது. இலாபம் அதன் முதல் நோக்கமன்று. இவ்வூர் மக்களால் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று வெளியூரிலிருந்து வருபவருக்குக் கண்ணால் காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பெண் பார்க்க வருபவர்களுக்கு வீட்டைக் கூட்டிக் கோலம் போட்டு வைப்பதைப் போன்ற காரியம் இது.

ஆனால், வரிவிலக்கு மாநிலத்தின் கையில் இல்லை, சுங்கமும் இல்லை, குடிநுழைவும் இல்லை. எல்லாம் கோலாலம்பூரில். வெளிநாட்டு நிறுவனத்திடம் பத்தாண்டு வரிச்சலுகை தருகிறேன் என்று சொல்வதற்கு ஓர் எதிர்க்கட்சி முதலமைச்சருக்கு வழியே கிடையாது. இங்கேதான் 1959இன் பாடம் வேலை செய்தது. துங்குவுக்குப் பின் பிரதமரான துன் அப்துல் ரசாக்கோடு லிம் இணக்கம் தேடினார். 1972 பிப்ரவரியில் கெராக்கானும் கூட்டணியும் சேர்ந்து பினாங்கில் ஆட்சி அமைத்தன. 1974இல் கெராக்கான் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியாயிற்று. இதற்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. கட்சி 1971இலேயே உடைந்தது. அலாத்தாஸ், டான் சீ கூன், வீ. டேவிட் ஆகியோர் வெளியேறினர். ஆளுங்கட்சிக்கு எதிராக வாக்களித்த மக்களை ஆளுங்கட்சியிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு அன்று எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அவர் பக்கம் நின்று பார்த்தால், வாக்குறுதி கொடுத்துவிட்டு வேலை கொடுக்க முடியாமல் ஐந்தாண்டு கழித்து மக்கள் முன் நிற்பது அதைவிடப் பெரிய துரோகமாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1971இல் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம் நிறைவேறியது. 1972இல் நாட்டின் முதல் மண்டலம் பாயான் லெப்பாசில் திறக்கப்பட்டது.

அமெரிக்கச் சில்லு நிறுவனங்கள் ஏன் கடல் கடந்து வந்தன என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஒரு சில்லு செய்வதில் இரண்டு பாதிகள் உண்டு. சிலிக்கான் தகட்டின் மீது நுண்ணிய சுற்றுகளைப் பதிப்பது முதல் பாதி. அதற்குப் பெருமூலதனமும் உயர்ந்த அறிவும் தேவை. அந்தத் தகட்டை நகத்தளவுத் துண்டுகளாக வெட்டி, சட்டத்தில் ஒட்டி, மயிரினும் மெல்லிய பொன்கம்பிகளை ஒவ்வொரு முனையிலும் இணைத்து, உறையிட்டு மூடிச் சோதிப்பது இரண்டாம் பாதி. அன்றைய நாளில் இதை மனிதக் கைகள்தாம் நுண்ணோக்கியில் பார்த்துச் செய்தன. அமெரிக்காவில் அந்தக் கைகளுக்குக் கூலி அதிகம். அதோடு, அமெரிக்கப் பாகங்கள் வெளிநாட்டில் இணைக்கப்பட்டுத் திரும்பி வந்தால், வெளியே சேர்ந்த மதிப்புக்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. சில்லுகள் எடை குறைந்தவை, விலை மிகுந்தவை. விமானத்தில் போய் வரக் கட்டுப்படியாகும். இதனால் 1960களிலேயே ஹாங்காங், தென்கொரியா, தைவான் என்று நிறுவனங்கள் பரவின. 1968இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிங்கப்பூருக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஆள் பற்றாக்குறை தலைகாட்டத் தொடங்கியது.

பினாங்கிடம் இதற்கு ஏற்றவை சில இருந்தன. பாயான் லெப்பாசில் விமான நிலையம் ஏற்கெனவே இருந்தது. மிஷன் பள்ளிகளின் தயவால் ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் நிறைய இருந்தனர். கூலி குறைவு. ஆயினும், இவை எல்லாம் வேறு ஊர்களிலும் ஓரளவு இருந்தவைதாம். லிம்மும் செட் சிங்கும் கடல் கடந்து போய் நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினர். வந்து பார்த்தவர்களை முதலமைச்சரே நேரில் கவனித்தார். நிலம், தண்ணீர், மின்சாரம், அனுமதி எதுவானாலும் ஒரே அலுவலகத்தில் முடிந்தது. சில்லுத் தொழிலில் ஒரு பொருளின் விலை மாதத்துக்கு மாதம் இறங்கும். ஆறு மாதம் தாமதித்துத் திறக்கும் ஆலை பாதி இலாபத்தை இழந்த ஆலை. ஆகவே, வரிச்சலுகையைக் காட்டிலும் வேகமே பினாங்கு விற்ற சரக்கு என்பது என் கருத்து. சலுகையை எந்த நாடும் கொடுக்கும். சொன்ன தேதியில் மின்சாரத்தைக் கொடுக்கும் அரசாங்கம் அரிது.

நேஷனல் செமிகண்டக்டர் முதலில் வந்தது. அதைத் தொடர்ந்து இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், லிட்ரானிக்ஸ், ஜெர்மனியின் ராபர்ட் போஷ், ஜப்பானின் ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகியவை வந்தன. இந்த எட்டையும் பினாங்கு மக்கள் எட்டு சாமுராய்கள் என்று இன்றும் குறிப்பிடுவர். இவற்றுள் இன்டெல் அப்போது நான்கே வயதான நிறுவனம். தனது முதல் நுண்செயலியை வெளியிட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1972இல் சுமார் 16 லட்சம் அமெரிக்க டாலர் முதலீட்டில், வயல்களுக்கு நடுவே 5 ஏக்கரில், தனது முதல் வெளிநாட்டு ஆலையை அமைத்தது. பிற்காலத்தில் அது அடைந்த உயரத்தை வைத்துக்கொண்டு லிம் முன்கூட்டியே கணித்துவிட்டார் என்று புகழ்வது மிகை. அவர் வலையை அகலமாக வீசினார். அதில் பெரிய மீன் ஒன்றும் இருந்தது.

வந்த வேலைகள் எப்படிப்பட்டவை? தொடக்கத்தில் அவற்றைத் திறன்மிக்க வேலைகள் என்று சொல்ல முடியாது. ஆட்களில் பெரும்பாலோர் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள். கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் ஆலைப் பேருந்துகளிலும் பெர்ரியிலும் வந்தார்கள். மலாய்க் கம்பத்துப் பெண்களும் சீனப் புதுக்கிராமத்துப் பெண்களும் நம் தோட்டத்துப் பெண்களும் முதன்முறையாக ஒரே மேசை வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று வேளை மாற்றுப் பணி. நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்ததால் பார்வை கெட்டவர்கள் உண்டு. வெளியே அவர்களை மீனா காரான் என்று கேலி பேசினார்கள். காரான் என்பது கரண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். கையில் சம்பளம் வாங்கிய பெண்ணைச் சமூகம் அப்படித்தான் பார்த்தது. ஆனால், அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ தம்பி தங்கையர் ஐந்தாம் படிவம் முடித்தார்கள்.

அந்த வேலைகள் நிலையானவையும் அல்ல. 1974, 1975ஆம் ஆண்டுகளின் உலகப் பொருளாதார மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆட்குறைப்புக்கு ஆளாயினர். வந்த வேகத்திலேயே இந்த நிறுவனங்கள் போய்விடும் என்று விமர்சகர்கள் அன்று எச்சரித்தார்கள். 1975இல் இன்டெல் ஆலை தீக்கிரையானது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, அங்கேயே மீண்டும் கட்டியது. மூன்றே ஆண்டுகளில் பினாங்குத் தொழிலாளர்கள் தங்களைத் தேவையானவர்களாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவான ஏற்றம். பொருத்தும் வேலையோடு சோதிக்கும் வேலையும் வந்தது. 1980களில் இயந்திரங்கள் கைகளின் இடத்தைப் பிடித்தன; இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் திருத்தியமைக்கவும் தெரிந்த தொழில்நுட்பர்கள் தேவைப்பட்டனர். தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அமர்ந்திருந்த மேலாளர் நாற்காலிகளில் மலேசியர்கள் அமர்ந்தார்கள். ஆலைகளுக்குச் சிறு உதிரிப்பாகங்கள் கடைந்து கொடுத்த ஊர்ப் பட்டறைகள் துல்லியப் பொறியியல் நிறுவனங்களாக வளர்ந்தன. இன்டெலில் பணியாற்றியவர்கள் 1991இல் குளோபெட்ரானிக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் இன்டெல் பினாங்கிலேயே ஒரு வடிவமைப்பு மையத்தை ஏற்படுத்தியது. சில்லைப் பொருத்திய ஊர் சில்லை வரையத் தொடங்கியது. இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு நிறுவனத்தைக் கொண்டு வந்த மறுநாளே உயர்திறன் வேலைகள் கொட்டும் என்று தேர்தல் மேடைகளில் பேசுபவர்கள் இந்த இருபதை எண்ணிப் பார்ப்பதில்லை.

லிம்மின் ஆட்சிக் காலத்தின் முடிவில் எழுந்த ஒரு நிறுவனத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. அதுவரை ஒவ்வோர் ஆலையும் தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்தது. பயிற்சி பெற்றவரைப் பக்கத்து ஆலை கூடுதல் சம்பளம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போனது. அதனால் பயிற்சிக்குப் பணம் செலவிட யாருக்கும் மனம் வரவில்லை. இந்தச் சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வு, போட்டி நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பயிற்சிக்கூடத்தை நடத்துவது. மாநில அரசு இடம் கொடுத்தது. நிறுவனங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் கொடுத்தன. என்ன கற்பிப்பது என்பதை முடிவு செய்தவர்கள் கல்வித்துறை அதிகாரிகள் அல்லர். அந்த ஆட்களை வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனங்களே. நாட்டில் இவ்வகையில் அமைந்த முதல் மையம் அது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தத்தம் மையங்களை அமைத்தன. பல்கலைக்கழகம் செல்ல வாய்ப்பில்லாத எஸ்.பி.எம். மாணவர்களுக்கு, அவர்களுள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கும், திறன் தொழிலுக்குள் நுழைய ஒரு வாசல் திறந்தது. லிம்மின் பெயரைச் சொல்லப் பாலத்தையும் கொம்தாரையும் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சி மையத்தையே முதலில் காட்டுவேன்.

இதற்கெல்லாம் யாரும் விலை கொடுக்கவில்லை என்று எழுதினால் அது வாழ்க்கை வரலாறாகாது. பாயான் லெப்பாசின் நெல்வயல்கள் கையகப்படுத்தப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஜார்ஜ்டவுனின் நடுவே 65 மாடிக் கொம்தார் எழுவதற்காகக் கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. மின்னியல் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் தொழிற்சங்கம் அமைக்க நீண்ட காலம் அனுமதி கிடைக்கவில்லை. 1988இல் கிடைக்கும் என்று அறிவித்த மத்திய அரசு, பின்னர் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் என்று சுருக்கிக்கொண்டது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்த மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளராக அப்போது இருந்தவர், முன்னர் லிம்மோடு சேர்ந்து கெராக்கானைத் தொடங்கிய அதே வீ. டேவிட்தாம். தொழிற்சங்கம் முதலமைச்சரின் அதிகார எல்லைக்குள் வராதது உண்மை. ஆனாலும், அமைதியான தொழிலாளர் என்பது பினாங்கு விற்ற சரக்கின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. தைவான் 1973இல் அரசு ஆய்வுக்கழகம் ஒன்றை நிறுவி, 1987இல் டி.எஸ்.எம்.சி.யைப் பெற்றெடுத்தது. சிலிக்கான் தகட்டில் சுற்றுகளைப் பதிக்கும் அந்த முதல் பாதியை அது தன்வசப்படுத்திக்கொண்டது. பினாங்கு இரண்டாம் பாதியில் உலகத்தரம் எய்தியது. முதல் பாதிக்குள் போதிய அளவு நுழையவில்லை. உலகச் சில்லுப் பொருத்தல், சோதனைப் பணிகளில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு என்பார்கள். அது பெருமைதான். ஆனால், அந்தச் சில்லுகளின் மீது நம் நாட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதில்லை. இதற்கு ஒரு மாநில முதலமைச்சரைக் குறை சொல்வது பொருந்தாது. ஆய்வுக்கும் உயர்கல்விக்குமான பணம் கோலாலம்பூரில் இருந்தது. திறமையானவர்கள் பலர் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குச் செபராங் பிறையிலிருந்து ஆள் வருவது அதன்பின் பெர்ரியை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதே ஆண்டில் மீண்டும் ஒரு பொருளாதார மந்தம், மீண்டும் ஆட்குறைப்பு. ஆனால், இம்முறை பினாங்கு விரைவில் எழுந்தது. 1980களின் இறுதியில் வேலை தேடி ஆள் அலைந்த காலம் போய், ஆள் தேடி ஆலைகள் அலைந்தன.

ஆயினும், வேலை கிடைத்த மக்கள் அதற்காகவே காலமெல்லாம் வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 1969இல் வேலை இல்லாதவர்களின் கோபத்தில் வென்றவர், 1990 அக்டோபரில் வேறொரு தலைமுறையின் கோபத்தில் தோற்றார். பாடாங் கோத்தா தொகுதியில் ஜசெகவின் லிம் கிட் சியாங் அவரைச் சில நூறு வாக்குகளில் வீழ்த்தினார். கெராக்கான் ஆட்சியில் நீடித்தது. முதலமைச்சர் பொறுப்பு டாக்டர் கோ சூ கூனிடம் போனது. இருபத்தோராண்டு ஆட்சிக்குப் பின் லிம் அரசியலிலிருந்து முற்றாக விலகினார். வேறு தொகுதி தேடவில்லை, மறுபடியும் போட்டியிடவில்லை.

அவர் கொண்டு வந்த எட்டு நிறுவனங்களுள் சிலவற்றின் பெயர்ப்பலகைகள் பின்னாளில் மாறின. ஹியூலட் பேக்கார்டின் ஆலை 1999இல் அஜிலன்ட் ஆனது. அதன் ஒரு பகுதி பிரிந்து அவாகோவாகிப் பிராட்காம் ஆனது. மற்றொரு பகுதி 2014இல் கீசைட் ஆனது. லிட்ரானிக்ஸ் ஓஸ்ராமாக மாறியது. இன்டெல் அதே பெயரில் இருந்து, 2021 டிசம்பரில் மேலும் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது.

துன் டாக்டர் லிம் சோங் யூ 2010 நவம்பர் 24ஆம் நாள் தமது 91ஆம் வயதில் பினாங்கில் காலமானார். அப்போது மாநிலத்தை ஆண்டது ஜசெக. முதலமைச்சர் லிம் குவான் எங், அவரைத் தேர்தலில் தோற்கடித்த லிம் கிட் சியாங்கின் மகன். அந்த அரசாங்கமே அவருக்கு மரியாதை செய்து, ஜெலுத்தோங் விரைவுச்சாலைக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. ஜார்ஜ்டவுனில் தொடங்கிக் கடலோரமாகச் செல்லும் அந்தச் சாலை, பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறது.